விரல் நுனி தொங்குதா? சுளுக்குன்னு சொல்லி நீவ வர்றவங்ககிட்ட கைய நீட்டிடாதீங்க

கோவத்துலதான் எழுதுறேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க, ஒன்பது விரல்லதான் டைப் பண்றேன்.

நடந்தது அல்பமான விஷயம். மெத்தைக்கு அடியில பெட்ஷீட்ட சொருகும்போது மோதிர விரல் நுனி இடிச்சு மடங்குச்சு, டிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பெருசா வலி கூட இல்ல, அதுதான் என்னை ஏமாத்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா நகம் இருக்குற அந்த கடைசி கணு மட்டும் தலைய தொங்கப் போட்டுட்டு நிக்குது. இன்னொரு கையால தூக்கி விட்டா நேரா வருது, விட்டா பொத்துன்னு விழுது, நானா தூக்கணும்னு பாத்தா அசையவே மாட்டேங்குது.

மறுநாள் பக்கத்துல இருக்குற ஒரு பிசியோ கிளினிக்குக்கு போனேன் (பேர் போட விரும்பல). விரல தொட்டுப் பாத்துட்டு "சாதாரண சுளுக்கு"ன்னாங்க. எக்ஸ்ரே வேணுமான்னு கேட்டதுக்கு "விரலுக்கெல்லாம் எதுக்கு எக்ஸ்ரே"ன்னு ஒரு சிரிப்பு. பத்து சிட்டிங் பேக்கேஜ், மொத்தப் பணமும் முன்னாடியே. வாரத்துக்கு ரெண்டு தடவ மெழுகு ஒத்தடம், மசாஜ், அப்புறம் நுனிய பிடிச்சு மடக்கி மடக்கி நீட்டுறது, வீட்டுல பந்து அமுக்குற பயிற்சி வேற, மீதி நேரம் பக்கத்து விரலோட சேத்து டேப். நானும் ஒழுங்கா எல்லாத்தையும் பண்ணேன், அதை நெனச்சாதான் எரிச்சலா வருது. மூணு வாரத்துல ஆறு சிட்டிங் முடிஞ்சுது, நுனி முன்னவிட ஜாஸ்தியா தொங்குது, நடு மூட்டு லேசா பின்பக்கமா வளையுற மாதிரி வேற தெரிஞ்சுது. கேட்டா "உங்க உடம்பு ஹீல் ஆக லேட் பண்ணுது"ன்னாங்க. தப்பு என் உடம்பு மேலயாம்.

அப்புறம் ஒரு கை அறுவை சிகிச்சை டாக்டர்கிட்ட போனேன். நடு மூட்ட பிடிச்சுக்கிட்டு "நுனிய மட்டும் தூக்குங்க"ன்னாரு, முடியல, பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்தாரு, முடிஞ்சுது. மல்லட் ஃபிங்கர்னு சொன்னாரு. விரலோட மேல்பக்கமா ஒரு டெண்டன் (தசைய எலும்போட இணைக்குற நார்) ஓடி வந்து கடைசி எலும்புல ஒட்டியிருக்கும், நுனிய தூக்குறது அதுதான். நுனி திடீர்னு மடங்கும்போது அது அறுந்துடும், சில பேருக்கு எலும்பு துணுக்கையும் பேத்துக்கிட்டு வந்துடும். பந்து பிடிக்கப் போய் நிறைய பேருக்கு ஆகுமாம், என்னை மாதிரி பெட்ஷீட் கேஸும் நிறைய வருமாம். அறுந்த ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்னா நுனி மூட்டு நேரா அசையாம இருக்கணும், ஆறுலேருந்து எட்டு வாரம், ராத்திரி பகல் குளியல் எல்லாம் சேத்து. நடுவுல ஒரே ஒரு தடவ மடங்கினாலும் கணக்கு மறுபடி முதல்லேருந்து. அப்படின்னா மூணு வாரமா நான் காசு குடுத்து வாங்கினது என்னன்னா, ஒட்ட வர்றத ஒவ்வொரு தடவையும் பிச்சு விடுற சேவை!

எனக்கு எலும்பு பேரல. மூட்டுக்குள்ள எலும்பு சேருற பரப்புல மூணுல ஒரு பங்குக்கு மேல உடைஞ்சிருந்தாலோ எலும்பு உள்ளங்கை பக்கமா நழுவியிருந்தாலோ ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்னாரு, அதனாலதான் எக்ஸ்ரே முக்கியம். லேட்டா வந்தாலும் ஸ்ப்ளின்ட் (மூட்டு அசையாம பிடிச்சு வைக்குற பட்டை) போட்டா பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா கொஞ்சம் தொங்கல் நின்னுடலாம்னும் சொன்னாரு.

சரி, ஸ்ப்ளின்ட் வாங்கப் போனா அங்கயும் கூத்து. கடைக்காரர் முழு விரலையும் மூடுற ஒரு அலுமினியம் பட்டைய நீட்டி "எல்லாம் ஒண்ணுதான் மேடம்"ங்கிறாரு. ஒண்ணு இல்ல. நுனி மூட்டு மட்டும்தான் பூட்டணும், நடு மூட்டு ஃப்ரீயா மடங்கணும், இல்லன்னா நல்லா இருக்குற மூட்டும் இறுகிப் போயிடும். அடுத்து குடுத்த பிளாஸ்டிக் தொப்பி மாதிரி ஒண்ணு முதல் நாள் கச்சிதமா இருந்துச்சு, வீக்கம் வத்தினதும் லொடலொடன்னு ஆயி உள்ளயே நுனி இறங்க ஆரம்பிச்சுது. கடைசில டாக்டர் அனுப்பின ஹேண்ட் தெரபிஸ்ட் என் விரல் அளவுக்கே ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. நுனிய ரொம்ப பின்னாடி வளைச்சு கட்டினா மூட்டு மேல தோல் வெளுத்துடும், ரத்த ஓட்டம் பத்தலன்னு அர்த்தம், அப்படி கட்டக்கூடாதாம். கழட்டி தோல துடைக்கணும்னா விரல மேஜை மேல தட்டையா வச்சு, நுனிய தூக்க விடாம விழவும் விடாம, அப்படியே உருவிட்டு நல்லா காய வச்சு மாட்டணும். ஈரத்தோட மாட்டினா தோல் ஊறிப் புண்ணாகும், எனக்கு ஒரு தடவ ஆச்சு.

இதுக்கு நேர் எதிரா, நுனிய நீட்ட முடியுது ஆனா மடக்கத்தான் முடியலன்னா அது உள்ளங்கை பக்கத்து டெண்டன். அது வேற கதை, ஸ்ப்ளின்ட்ட நம்பி உக்காராதீங்க. அறுந்த முனை உள்ளங்கைக்குள்ள இழுத்துக்கலாம், பெரும்பாலும் ஆபரேஷன்தான், அதுவும் ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள பண்றது நல்லது. வெட்டுக்காயத்தோட நுனி தொங்கினாலும் நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

கிளினிக்குல மீதி நாலு சிட்டிங்குக்கு பணத்த திருப்பிக் கேட்டேன். பேக்கேஜ் ரிஃபண்ட் கிடையாதாம். ரசீதுல "விரல் வலி"ன்னு மட்டும்தான் இருக்கு, என்ன பரிசோதனை பண்ணாங்க, என்னன்னு முடிவு பண்ணாங்கன்னு ஒரு வரி கிடையாது, அதனால சண்டை போடவும் கையில ஒண்ணும் இல்ல. நீங்க எங்க போனாலும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி அத எழுதி வாங்கிடுங்க. "வேணும்னா முட்டி வலிக்கு யூஸ் பண்ணிக்கோங்க"ன்னு ஒரு சலுகை வேற குடுத்தாங்க.

இப்போ ஸ்ப்ளின்ட்ல அஞ்சாவது வாரம். ராத்திரி பகலா போடுற காலம் முழுசா முடிஞ்சதும் ராத்திரிக்கு மட்டும் இன்னும் சில வாரம் போடணும். இன்னிக்கு காலைல அந்த கிளினிக்லேருந்து மெசேஜ்: உங்க நாலு சிட்டிங் இந்த மாசத்தோட காலாவதி ஆகுது, சீக்கிரம் வாங்க.