இஜிஆர் வால்வை மாற்றச் சொன்னார்கள், கழுவியதிலேயே சரியாகிவிட்டது

என்னிடம் இருப்பது 2012 மாடல் டிசையர் டீசல், 1,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. உள்ளே இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின், மாருதி அதை டிடிஐஎஸ் என்று பெயர் மாற்றி விற்றது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டதால், இருப்பதைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது கல்லாறு தாண்டியதுமே வண்டி இழுக்க மறுத்தது. இரண்டாவது கியரில் மிதித்தால் பின்னால் கரும்புகை, முன்னால் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார். மீட்டரில் இன்ஜின் லைட் வேறு எரிந்தது.

கோவை திரும்பி ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஸ்கேனர் மாட்டினார்கள், பி0401 என்று எரர் கோடு வந்தது, ஐந்து நிமிடத்தில் "வால்வு போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்று லேபரோடு 14,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். கழற்றிப் பார்த்தீர்களா என்றால் பதில் இல்லை. அந்த எரர் கோடுக்கு அர்த்தம் இஜிஆர் வால்வு வழியாகத் தேவையான அளவு புகை இன்ஜினுக்குள் திரும்பப் போகவில்லை என்பது மட்டும்தான், வால்வு செத்துவிட்டது என்பதல்ல. வழி அடைத்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

அப்புறம் கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது, வேப்பமரமும் அதன் கீழ் நிற்கிற ஆம்னி வேன்களும்தான் அடையாளம். மெக்கானிக் அண்ணன் முதலில் ஸ்கேனரை வைத்தே வால்வைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். காதைப் பக்கத்தில் வைத்தால் மெதுவாக டிக் டிக் என்று கேட்டது. "மோட்டார் உயிரோட இருக்குதுங்க, அழுக்குதான். கழுவிப் பார்க்கலாம், ஆகலைன்னா மாத்திக்கலாம்ங்க" என்றார். எனக்குப் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

சைலன்சர் பக்கம் போகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பி, உள்ளே எரிகிற சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் உண்டாகாமல் பார்ப்பதுதான் இஜிஆரின் வேலை. டீசல் புகையில் கரி இருக்கும், இன்ஜினுக்குள்ளிருந்து வருகிற ஆயில் ஆவி அதோடு சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நான் தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருகிறவன். இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவேன், அடைக்காமல் என்ன செய்யும்?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, போல்ட்டுகளுக்குத் துரு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, வால்வை வெளியே எடுத்ததும் பார்த்தேன். விரல் நுழைய வேண்டிய ஓட்டையில் பென்சில்தான் நுழையும். அடிப்பிடித்த கடாயைச் சுரண்டுவது மாதிரி மரக்குச்சியால் சுரண்டி, கார்ப் கிளீனர் என்கிற கரி நீக்கும் ஸ்பிரே அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். கீழே விரித்த பேப்பரில் ஒரு கைப்பிடி கரி. மோட்டார் இருக்கிற பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஸ்பிரே அடித்தார், கிளீனர் அதற்குள் இறங்கினால் அப்புறம் நிஜமாகவே புது வால்வுதான். கடைசியில் வெயிலுக்கு நேரே பிடித்து, மூடினால் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். இன்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிக் கழுவினார், அதை விட்டுவிட்டு வால்வை மட்டும் துடைப்பது பாதி வேலை. யாராவது ஓடுகிற டீசல் இன்ஜினின் காற்றுக்குழாயில் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், உள்ளே போகிற ஸ்பிரேயையே எரித்து இன்ஜின் தறிகெட்டு ஓடலாம்.

குறை இல்லாமல் இல்லை. இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட்டில் பழையதையே மாட்டப் பார்த்தார், நான் சொன்ன பிறகுதான் புதிது வாங்கிவரப் பையனை அனுப்பினார். "தகடு வெச்சு அடைச்சுட்டா இனி தொந்தரவே இல்லைங்க" என்றும் ஒரு யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். நச்சுப்புகை கூடும், பல வண்டிகளில் இன்ஜின் லைட்டும் திரும்ப வரும். பில் துண்டுச் சீட்டில்தான். காலையில் விட்ட வண்டி இருட்டிய பிறகுதான் கைக்கு வந்தது.

லேபர், ஸ்பிரே, கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். எரர் கோடை ஸ்கேனரில் அழித்த பிறகு மூன்று வாரமாக லைட் வரவில்லை, சிக்னலில் நிற்கும்போது இருந்த உதறல் போய்விட்டது, ஊருக்குள் 14-க்கு இறங்கியிருந்த மைலேஜ் 16-ஐத் தாண்டுகிறது. போன ஞாயிறு மறுபடி குன்னூர் ஏறினேன், புகை இல்லை. பிக்கப் புது வண்டி மாதிரி ஆகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், டர்போ ஹோஸில் லேசாக ஆயில் கசிவதை அண்ணன் காட்டியிருக்கிறார், அது அடுத்த மாதச் செலவு.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், பத்தைத் தாண்டினால் ஆம்னி வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.