மழைக்கு ஒழுகாத கூடாரம், பனிக்கு ஒழுகுகிறது

விலை இறங்கியதும் இந்த ஒற்றை ஆள் கூடாரத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எடை, நீளம், கம்பி எத்தனை என்பதையெல்லாம் விற்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்குகிற, உள்ளே ஒரு துணி வெளியே ஒரு துணி என்று வருகிற, 'கடும் காலநிலைக்கு' என்று பையில் பெரிதாகப் போட்டிருக்கிற வகை. கனடாவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். சில வருசமாகப் பாவிக்கிறேன். மல்லாவிப் பக்கம் நெல்லுக் காவலுக்கு, மடு மாதா கோயில் திருவிழாவுக்கு, மற்றபடி சும்மா எங்காவது குளக்கரையில் போய்க் கிடப்பதற்கு. கடும் காலநிலை என்று அவர்கள் மனதில் வைத்திருந்தது பனிமலையை. வன்னியின் கடுமை வேறு மாதிரி.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும். மழையில் இதைக் குறை சொல்ல வாய் வராது. ஐப்பசி, கார்த்திகையில் வவுனிக்குளத்துப் பக்கம் வாடைக்காற்றோடு சாய்த்து அடிக்கிற மழையில் படுத்திருக்கிறேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை. மேல்துணிக்கு 3000 மில்லிமீற்றர் என்று போட்டிருப்பார்கள். மூன்று மீற்றர் உயரத் தண்ணீரை அந்தத் துணிமேல் நிறுத்தினாலும் கசியாது என்பது அதன் பொருள். மழைக்கு அது தாராளம். ஒரேயொரு தொல்லை, நைலோன் நனைந்தால் இளகிக் கொடுக்கும். பின்னேரம் இழுத்துக் கட்டினது நடுச்சாமத்தில் தொய்ந்து கிடக்கும், எழும்பி ஒருக்கா இறுக்க வேண்டும். பொலியெஸ்டரில் இந்தத் தொய்வு மிகக் குறைவு. மற்றது, கூடாரம் தாங்கினாலும் நிலம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரவோடிரவாக ஏறின வெள்ளத்தைக் கண்டவர்கள் மாரியில் பள்ளக் காணியில் படுக்கப் போகமாட்டார்கள்.

சரி, இனிப் பனி.

தை பிறந்து வானம் வெளித்தால் எனக்கும் இதற்கும் சண்டை தொடங்கிவிடும். காலபோக அரிவு வெட்டு நேரம் அது. மிசின் வெட்டிக் கொட்டின நெல்லைக் காயவிட்டால், மூடை கட்டும்வரை இரவில் யாராவது பக்கத்தில் கிடக்க வேண்டும். (யானை நடமாடுகிற இடத்தில் நிலத்தில் படுக்கிற கதையே வேண்டாம், அங்கே பரண்தான். நான் சொல்வது வீதியோரத்து வெளிகளை.) தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சைத் துளைக்கிற பனிக்கு மெல்லிய நைலோன் எம்மாத்திரம் என்று நினைப்பீர்கள். துளைப்பதில்லை என்பதுதான் எரிச்சல். வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வருவதில்லை, எல்லாம் உள்ளேயே உண்டாகிறது.

முகில் இல்லாத இரவில் மேல்துணி தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து போகும். காற்றில் இருக்கிற ஈரம் அதன் இரண்டு பக்கத்திலும் படியும். வயல்வெளியில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? அதோடு ஆளின் மூச்சு வேறு. இரவு முழுக்க ஒருவர் விடுகிற மூச்சிலும் வியர்வையிலும் ஒரு பெரிய கோப்பைத் தண்ணீராவது இருக்கும். விடியப்புறம் ரோச்சை அடித்துப் பார்த்தால் மேல்துணியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நிற்கும். காலை நீட்டினால் உள்துணி போய் அதில் முட்டும், கால்மாட்டில் போர்வை நனைந்துவிடும். வெளியே போக சிப்பை இழுத்தால் எல்லாம் குலுங்கிப் பிடரியில் கொட்டும். பாதித் தூக்கத்தில், சாரத்தோடு, பிடரியில் குளிர்தண்ணீர். மழைக்காலம் முழுக்க என்னை நனையவிடாமல் காத்த அதே துணி.

இதற்குக் காரணம் இதன் அமைப்புத்தான். பனி கொட்டுகிற நாட்டில் காற்றும் பனித்துகளும் உள்ளே புகக்கூடாது என்பதற்காக மேல்துணியை நிலம்வரை இறக்கியிருக்கிறார்கள். உள்ளே சூடு தங்க வேண்டும் என்பதற்காக உள்துணியை வலையாக வைக்காமல் துணியாகவே தைத்திருக்கிறார்கள். உச்சியில் கைக்குட்டை அளவு ஒரு காற்றுவழி. நமக்கு மாசி விடியலில்கூட 20 பாகைப் பக்கம் நிற்கிறது. அதைக் குளிர் என்று சொல்லி நாம் இழுத்துப் போர்த்துக்கொள்வது வேறு கதை, ஆனால் உள்ளே சேமித்து வைக்க வேண்டிய சூடு என்று இங்கே ஒன்றும் இல்லை. அவர்கள் தேடி அடைத்த ஒவ்வொரு ஓட்டையும் நமக்குத் தேவையான ஓட்டை.

செய்து பார்த்ததில் இரண்டு வழி பலன் தந்தது. ஒன்று, நிலத்தில் அடிக்கிற முளைக்கும் துணிக்கும் இடையில் கயிற்றை நீட்டிக் கட்டி, மேல்துணியின் விளிம்பை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்துவது. காற்று கீழால் வந்து மேலால் போகும், பாதித் தொல்லை குறையும். மற்றது, மரத்துக்குக் கீழ் அடிப்பது. பாலையோ மருதோ, கிளை படர்ந்த ஒரு மரம் தலைக்கு மேலே நின்றால் துணிக்கும் வானத்துக்கும் நடுவில் அது மறைப்பாகிவிடும், விடியும்போது துணி அநேகமாகக் காய்ந்தே இருக்கும். வயல்வெளியில் மரத்துக்கு எங்கே போவது? கடைசியில் நாலு தடி நட்டு, கூடாரத்துக்கு மேலே ஒரு நீலத் தறப்பாளைக் கட்டினேன். முழுப் பலன். பக்கத்துக் காணிக்காரர் உழவு இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, தறப்பாள்தான் கட்டுறதெண்டா உது என்னத்துக்கு?"

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அது இந்தக் கூடாரத்தை விற்கிறவர்கள் எங்கேயும் எழுதாத பதில். நெல் குவிந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். எட்டடி விரியன் இரவில் ஊர்வது, நிலத்தில் படுத்திருப்பவரை நித்திரையிலேயே கடிப்பது. கடித்த இடம் பெரிதாக நோகாது, சிலர் எழும்புவதுகூட இல்லை. தரையும் சுவரும் ஒன்றாகத் தைத்து, சிப்பை மூடினால் எறும்பும் புக முடியாத ஒரு பெட்டிக்குள் படுக்கிற நிம்மதியைத் தறப்பாள் தராது. நுளம்பும் இல்லை. ஈரப் போர்வைக்குள் கிடந்து திட்டிக்கொண்டாலும், பயமில்லாமல் கிடந்து திட்டுகிறேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, தாங்குகிறது. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில், 30 காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிற இடத்துக்குக் கிட்ட ஆடி மாதத்தில் அடித்துப் பார்த்தேன். கம்பி வளைந்து வளைந்து நிமிர்ந்தது, முறியவில்லை. ஆனால் பையில் வருகிற முளைகள் அந்த மணலில் நிற்காது. உரப்பைக்குள் மண்ணை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும். உள்நாட்டில் கோடையில் எதிர்ப்பக்கத் தொல்லை. காய்ந்த செம்மண்ணில் முளை இறங்காது, அலவாங்கால் குத்தி ஓட்டை போட்ட பிறகுதான் இறக்கலாம். ஒன்றரைக் கிலோக் கூடாரத்துக்கு அலவாங்கு காவிக்கொண்டு போகிறவன் நானாகத்தான் இருப்பேன். உடைமுள்ளுக்காக உரப்பைகளைப் பிரித்துத் தைத்து அடியில் விரிப்பதும் என் ஏற்பாடு.

மடுவில், ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு, காடு முழுக்கக் குடும்பம் குடும்பமாகத் தறப்பாள் கட்டிச் சமைத்துக்கொண்டிருக்கும்போது இதை அடித்தால் வேடிக்கை பார்க்கச் சனம் கூடும். "தம்பி, இது சாமான் வைக்கிறதுக்கோ?" என்று ஒரு ஆச்சி கேட்டார். ஆள் படுக்கிறதுக்கு என்றேன். "தனியவோ?" என்று இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கஞ்சி கொண்டுவந்து தந்தார்.

வீட்டில் வேறு பிரச்சினை. 2009இல் செட்டிக்குளம் முகாமில் கூடாரத்துக்குள் வெந்து கிடந்த அம்மாவுக்கு, காசு கொடுத்து வாங்கிக் கூடாரத்தில் படுக்கிற பழக்கம் விளங்கவே இல்லை. வீட்டுக்குள் இதை விரித்துக் காயவைக்கவும் விடமாட்டார். அதனால் மாமரத்து நிழலில்தான் காயவைப்பது. வெயிலில் போட்டால் நைலோன் நைந்துபோகும். நனைந்தபடி சுருட்டித் தகரக் கூரைக்குக் கீழே வைத்தாலோ உட்பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கத் தொடங்கும், அதற்குப் பிறகு மருந்தில்லை. என்னுடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. உச்சித் தையலில் உள்ளே ஒட்டின நாடா மட்டும் ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. மணல் ஏறித் தேய்ந்த சிப்பைக் குறட்டால் மெல்ல நெரித்துவிட்டேன், இப்போது பல் பிடிக்கிறது.

வாங்கலாமா என்றால், வேண்டாம். இது மாசி, நேற்று இரவும் நனைந்தேன், எனக்கு வேறு பதில் வராது. அந்தக் காசுக்கு உள்ளே முழுக்க வலை வைத்த ஒன்றும், ஒரு நல்ல தறப்பாளும் எடுங்கள். பக்கத்துக் காணிக்காரர் அரிவு வெட்டு முடிய இதைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார், தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஹாட்வெயார் கடையில் மீன்தொட்டிக்கு விற்கிற சிலிக்கோன் குழாய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பங்குனி வெயில் பிடித்ததும் உச்சித் தையலுக்கு வெளிப்பக்கமாகப் பூச வேண்டும்.