கேட்டலினா 22 பாய்மரத்தைத் தனியாளாக நிமிர்த்தும் ஜின் போல் கிட்: வாங்கலாமா?

சுருக்கமாகக் கேட்டால் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் விளம்பரப் படத்தில் பெரிதாகத் தெரிகிற அந்த அலுமினியக் கம்பத்துக்காக வாங்காதீர்கள். பெட்டிக்குள் ஒரு துணிப்பையில் சுருட்டிப் போட்டிருக்கிறார்களே இரண்டு பக்கக் கயிறுகள், அவற்றுக்குத்தான் கொடுத்த காசு தகும்.

என் படகு கேட்டலினா 22, பழையது. 1969-இல் தொடங்கி பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டித் தள்ளியிருக்கிறார்கள், அதனால் அமெரிக்காவில் ட்ரெய்லரில் இழுத்துப்போகிற மாதிரி ஒரு சின்னப் பாய்மரப் படகு பழசாகத் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். நான் இருப்பது டல்லாஸ் பக்கம், படகை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஏரிக்குப் போகும்போதெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறவன், ஆகவே ஒவ்வொரு முறையும் பாய்மரத்தை நிமிர்த்தி, திரும்பும்போது மறுபடி படுக்கவைத்தாக வேண்டும். மரம் சுமார் 25 அடி. அடியில் கீல் இருக்கிறது, பின்பக்கமாகச் சாய்ந்து படுக்கும். தூக்க முடியாத எடை இல்லை. ஆனால் படுத்திருக்கும் நீள மரத்தை அதன் கீலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தர் தூக்குவதும், தோளில் வைத்துத் தள்ளிக்கொண்டே கேபின் மேல் முன்னேறுவதும், நிமிர்ந்தபின் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே படகின் முனைக்குப் போய் ஃபோர்ஸ்டேயின் (மரத்தை முன்பக்கம் பிடிக்கும் கம்பி) பின் ஆணியை மாட்டுவதும் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் வேலை.

ஜின் போல் இதற்குச் செய்வது எளிமையான காரியம். மரம் படுத்திருக்கும்போது அதன் அடியிலிருந்து செங்குத்தாக நிற்கிற ஒரு குட்டிக் கம்பம். மரத்திலிருந்து வரும் ஹால்யார்டை (பாயை ஏற்றும் கயிறு) அதன் உச்சியில் கட்டுகிறோம், உச்சியிலிருந்து படகின் முனைக்கு ஒரு நான்கு மடங்கு கப்பி. கப்பியை இழுத்தால் கம்பம் முன்னால் சாயும், மரம் பின்னாலிருந்து எழும். கம்பம் இல்லாமல் ஹால்யார்டை நேராக முனையிலிருந்து இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரம் படுத்திருக்கும்போது கயிறும் கிட்டத்தட்ட அதே கோட்டில் படுத்திருக்கும், எவ்வளவு இழுத்தாலும் மரம் கீலைத்தான் அழுத்துமே தவிர எழும்பாது. கணக்காகவே பார்ப்போம். மரம் 25 கிலோ, அதன் பாரம் கீலிலிருந்து 12 அடி தள்ளி நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் 6 அடி, முனை 8 அடி தூரத்தில். அப்போது முதல் இழுப்பில் கப்பியில் வரும் விசை 60 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், நான்கு மடங்கு கப்பியில் கைக்கு வருவது கிட்டத்தட்ட பதினாறு கிலோ, உராய்வையும் சேர்த்தால் இருபது. கிணற்றில் பெரிய வாளி இழுக்கிற பாரம், அவ்வளவுதான். மரம் எழ எழ அதுவும் குறைந்துகொண்டே வரும். பின்பக்கம் ஒரு தாங்கி வைத்து மரத்தின் தலையை முன்கூட்டியே உயர்த்திவிட்டால் அந்த முதல் இழுப்பும் இன்னும் லேசாகிவிடும். (தாங்கியைத் தனியாக விற்கிறார்கள். மரக்கட்டையில் நீங்களே செய்துகொள்ளுங்கள், அதற்குக் கேட்கும் விலை அநியாயம்.)

ஆக, தூக்கும் பலம் ஒரு பிரச்சினையே இல்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு குழாய் வாங்கி, அடியை மரத்துக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டி, படகிலிருக்கும் மெயின்ஷீட் (பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு) கப்பியையே கழற்றி மாட்டினால் இந்த வேலை நடந்துவிடும். மெக்ரெகர் 26 படகுகளுக்கு இப்படி ஒன்றைக் கம்பெனியே விற்றது, இதில் யாருக்கும் ரகசியம் ஒன்றுமில்லை.

வம்பு வருவது பக்கவாட்டில். மேல் ஷ்ரவுட் கம்பிகள் இரண்டும் மரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைப்போம். மரம் நிமிர்ந்தபின் பிடிக்கும், சரி. படுத்திருக்கும்போதும் பாதி வழியிலும் அவை தொளதொளவென்று தொங்கும். காரணம், அவை மாட்டியிருக்கும் இடம் கீலை விடக் கீழே இருக்கிறது. மரம் படுத்திருக்கையில் அந்த இடத்துக்கும் மரத்தின் மேல் பகுதிக்கும் உள்ள தூரம் குறைவு, நிமிர நிமிரத்தான் நீளும், கடைசியில்தான் கம்பி விறைக்கும். அதுவரை மரத்தைப் பக்கவாட்டில் தடுக்க எதுவும் கிடையாது, அந்தக் கீலும் மடங்குவதற்காகச் செய்தது, முறுக்கைத் தாங்குவதற்கு இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்து காற்றடித்தாலோ, பக்கத்துப் படகுக்காரர் அலை கிளப்பினாலோ மரம் ஒரு பக்கம் சரியத் தொடங்கும். டெக்சாஸில் வசந்த காலத்துத் தெற்குக் காற்று எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துணிப்பையில் இருக்கும் அந்தப் பேபி ஸ்டே கயிறுகளின் வேலை இதுதான். ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் ஒரு ஸ்டீல் வளையம், வளையத்திலிருந்து டெக்குக்கு இரண்டு சின்னக் கால்கள், ஒன்று ஷ்ரவுட் மாட்டும் தகட்டுக்கு, இன்னொன்று கைப்பிடிக் கம்பியின் அடிக்கு. கால்களின் நீளத்தைச் சரிசெய்து, வளையம் கீலின் ஆணி இருக்கும் உயரத்துக்கே, அதற்கு நேராகவே வந்து நிற்கும்படி வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வளையத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரம் மாறாது, கயிறு முதலிலிருந்து கடைசிவரை விறைப்பாகவே நிற்கும். கட்டியபின் மரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், விரலளவு அசையும், அப்புறம் நின்றுவிடும். எனக்கு இந்தக் கிட்டின் மேல் மரியாதை வந்தது அங்கேதான். கால்களின் நீளத்தை ஒருமுறை சரிசெய்து முடிச்சுக்கு மேல் டேப் சுற்றி வைத்துவிட்டால் அடுத்தமுறை அளக்க வேண்டாம்.

இவ்வளவு முக்கியமான இதைப் பற்றிக் கையேட்டில் மூன்றே வரி. வளையம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் படம் போட்டுக் காட்டாமல் ‘கயிறுகளை விறைப்பாகக் கட்டவும்’ என்று முடித்துவிட்டார்கள். வளையத்தை ரொம்பக் கீழே விட்டுக் கட்டினால் கயிறும் ஷ்ரவுட் மாதிரியே தொங்கும், ரொம்ப மேலே என்றால் மரம் எழ எழ தளர்ந்துவிடும். கம்பத்தை எப்படித் துடைத்து வைக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அரைப்பக்கம்.

மற்ற குறைகள். கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் கேம் கிளீட்டை முனைப்பக்கக் கப்பியில் வைத்திருக்கிறார்கள், அதனால் முன்டெக்கில் நின்றுதான் இழுக்க வேண்டும். மரம் நிமிர்ந்ததும் ஃபோர்ஸ்டே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அது வசதி. ஆனால் பின்னால் ஷ்ரவுட் எதிலாவது சிக்கினால் அங்கிருந்து தெரியாது. சிக்கும், கட்டாயம் சிக்கும், ஜன்னல் விளிம்பிலோ கிளீட்டிலோ. அதைவிட மோசம், டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) அடியில் குறுக்காக நின்றுகொண்டிருக்கும்போது நாம் இழுத்தால் அதன் திருகுக் கம்பி வளைந்துவிடும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். நான் கொஞ்சம் இழுப்பேன், கிளீட்டில் கயிற்றைக் கடிக்கவிட்டு அதன்மேல் ஒரு முடிச்சும் போடுவேன், பின்னால் போய் எல்லா டர்ன்பக்கிளையும் பார்ப்பேன், மறுபடி வந்து இழுப்பேன். கிளீட்டின் பல்லை மட்டும் நம்பி மரத்துக்கு அடியில் நடக்காதீர்கள். கயிறு இன்னும் பத்துப் பதினைந்தடி நீளமாக இருந்திருந்தால் ஒரு கப்பி வழியாகத் திருப்பி காக்பிட்டில் (படகின் பின்பக்கம் உட்காரும் இடம்) நின்றே இழுத்திருக்கலாம், நான் வேறு கயிறு வாங்கி இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கம்பத்தின் காலர் மரத்தை உரசிக் கீறுகிறது, பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்தால் போதும். பின்களுக்குக் கொடுத்திருக்கும் சுருள் வளையங்கள் நகம் பெயர்கிற அளவுக்குச் சின்னவை, குளிரில் விரல் மரத்திருக்கும்போது அதை மாட்டுவது நரகம். பெரிய சைஸ் வாங்கிக்கொள்ளுங்கள், சில டாலர்தான்.

கிட்டில் சேராத ஒன்று. படகை இறக்கும் சரிவில் வைத்து மரத்தை நிமிர்த்தாதீர்கள், பின்னால் மோட்டார்படகுக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், அவசரத்தில்தான் டர்ன்பக்கிள் வளையும். வண்டி நிறுத்துமிடத்திலேயே, படகின் முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன் தலைக்கு மேல் பாருங்கள், அங்கிருந்து சரிவு வரை போகும் வழியையும் பாருங்கள். அலுமினிய மரம் மின்கம்பியில் பட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள், ஹோபி கட்டமரான்களின் மரத்துக்கு மேல்துண்டை மின்சாரம் பாயாத ஃபைபர்கிளாஸில் போட்டதே அதனால்தான்.

ஃபர்லர் (முன்பாயைச் சுருட்டும் சாதனம்) வைத்திருப்பவர்கள் இதை வாங்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். ஃபோர்ஸ்டேயைச் சுற்றியிருக்கும் அந்த நீளமான அலுமினியக் குழல் மரம் எழும்போது எங்காவது முட்டி மடங்கினால் செலவு இந்தக் கிட்டின் விலையைத் தாண்டும், அதைத் தாங்கிப் பிடிக்க இதில் எந்த ஏற்பாடும் இல்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், ‘அதற்கு ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தது.