குட்டி நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுப்பது: நல்லி எலும்பா, தோல் எலும்பா, ரப்பரா?

நாலு மாதக் குட்டி செருப்பையும் சோபா காலையும் கடிப்பது சேட்டையால் மட்டுமில்லை, ஈறு அரிக்கிறது. 28 பால் பற்களும் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாத வயது ஆகிவிடும், அதுவரை கடிக்க எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை என்று கேட்டால் கறிக்கடைக்காரர் ஒன்று சொல்வார், பெட் ஷாப்காரர் ஒன்று சொல்வார், வீட்டுப் பெரியவர்கள் வேறொன்று சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது கடினத்தை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழவில்லையென்றால் அது குட்டியின் பல்லுக்கு ஆகாது, மேலே 'இயற்கையானது' என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சும் எலும்புக்குப் பெரிய அலசலே தேவையில்லை, வேண்டாம். வெந்த எலும்பு ஈரம் போய் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், கடித்தால் ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கோழி எலும்பு இதில் இன்னும் மோசம். "குக்கர்ல பத்து விசில் விட்டா மெத்துன்னு ஆயிடும்" என்பார்கள். ஓரம் மெத்தென்று ஆகியிருக்கும், நடுத்தண்டு ஆகியிருக்கிறதா என்று யார் பிரித்துப் பார்ப்பது? எலும்பில் கால்சியம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். நல்ல பப்பி உணவு சாப்பிடும் குட்டிக்குத் தேவையான கால்சியம் அதிலேயே இருக்கிறது. லேப்ரடார் மாதிரி பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடிப்போனால் எலும்பு வளர்ச்சியே கோணலாகும்.

பச்சை நல்லி எலும்புக்கு ஆதரவாளர்கள் அதிகம், அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயமும் உண்டு. வெந்ததைப் போல எளிதில் சிதறாது, குட்டியும் உலகத்தை மறந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் ஆட்டுத் தொடை எலும்பு நக அழுத்தத்துக்கெல்லாம் அசையாது. பால் பல் உடைந்தால் எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விடவும் முடியாது, உடைந்த இடத்தில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கும் பரவலாம். வளையமாக வெட்டிய நல்லி கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்வதும் நடக்கும், உள்ளே இருக்கும் கொழுப்பு குட்டி வயிற்றைக் கலக்கும். இதோடு நம்ம ஊர் வெயில். மே மாதத்தில் பச்சை எலும்பைத் தரையில் விட்டால் அரை மணி நேரத்தில் எறும்பும் ஈயும் வந்துவிடும், சால்மோனெல்லா கிருமியைச் சொல்லவே வேண்டாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதே தரையில் எலும்பை உருட்ட விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெட் ஷாப்பில் கொத்தாகத் தொங்கும் வெள்ளை முடிச்சு எலும்பு உண்மையில் எலும்பே இல்லை, பதப்படுத்திய மாட்டுத் தோல். ரா ஹைட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். விலை குறைவு, பல்லும் உடையாது, அதனால்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். சிக்கல் கடைசித் துண்டில். ஊறி வழவழவென்று ஆனதும் குட்டி அதை அப்படியே விழுங்கும், அது சீக்கிரம் செரிக்காது, உள்ளே போய் உப்பும். யாக் என்ற இமயமலை மாட்டின் பாலில் செய்த கட்டி செரிக்கும், நாற்றமும் குறைவு. ஆனால் கல்லு மாதிரி இருக்கும், பல் மாறி முடிந்த பிறகு யோசிக்கலாம். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு இரண்டுக்கும் அதே பதில்.

ஆக என் ஓட்டு உள்ளே குழிவான ரப்பர் பொம்மைக்குத்தான். குட்டிகளுக்கென்றே மென்மையான ரப்பரில் காங் (Kong) பிராண்ட் மாதிரியானவை கிடைக்கின்றன. விலை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், ஆனால் பல மாதம் உழைக்கும். உள்ளே உப்புப் போடாத தயிர்சாதம் அல்லது மசித்த பூசணி அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், வீங்கிய ஈறுக்கும் இதம், கரண்ட் போன மதியத்துக்கும் இதம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: கடைவாய் வரை முழுதாக உள்ளே போகாத அளவு, அப்புறம் இரண்டு முனையிலும் ஓட்டை. ஒரே ஓட்டை என்றால் காற்று உறிஞ்சி நாக்கு சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. கடலை வெண்ணெய் அடைப்பதானால் ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள், நாய்க்கு அது விஷம். கீச்சுக் கீச்சென்று கத்தும் மலிவு பொம்மை எதற்கும் உதவாது, உள்ளே இருக்கும் விசிலைத்தான் முதலில் பிடுங்கி விழுங்கும்.

காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் ஒரு துணியை நனைத்து முறுக்கி உறைய வைத்துக் கொடுக்கலாம், பக்கத்திலேயே இருந்து கிழிவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

கடையில் வாங்குவதைவிட வெளியே பொறுக்குவதில்தான் ஆபத்து அதிகம். பீச்சுக்குக் கூட்டிப் போனால் மணலில் கிடக்கும் சோளக் கட்டை, வெயில் காலத்தில் தெருவெங்கும் மாங்கொட்டை, இரண்டும் குடலை அடைக்கும். எதையாவது விழுங்கிவிட்டு வாந்தி, சாப்பாடு வேண்டாமென்பது, முக்கியும் மலம் வராதது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பக்கத்து டாக்டரிடமோ சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே தூக்கிப் போங்கள். எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், தோலும் துணியும் மாங்கொட்டையும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. அதனால் மிச்சத் துண்டு இருந்தால் ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.