முன்கண்ணாடி ஒழுகினால்: புது பீடிங்கா, சீலன்ட்டா?

அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டிகளில் முன்கண்ணாடியைப் பிடித்து நிற்பது சுற்றியுள்ள ரப்பர் பீடிங்தான். மழையில் ஒழுக ஆரம்பித்தால் பீடிங்கை மாற்றலாம், அல்லது பழையதன் உதட்டுக்கு (கண்ணாடி மேலும் வண்டித் தகட்டின் மேலும் படியும் ஓரத்துக்கு) அடியில் சீலன்ட் எனும் அடைப்புப் பசை விடலாம். விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரப்பரில் உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து உடனே மறைய வேண்டும். மூலைகளில் வெடிப்பு இருந்தாலோ, உதடு கண்ணாடியை விட்டு விலகி நின்றாலோ சீலன்ட் வீண்செலவு.

ரப்பர் நன்றாக இருந்தால் சீலன்ட் போதும், அரை நாள் வேலை. ஆனால் தண்ணீர் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வருகிறதா, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் வருகிறதா என்பது தெரிந்தாக வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாக நகர்த்தட்டும். மேல் ஓரத்தில் நுழையும் தண்ணீர் உள்ளுக்குள் ஓடி, கீழ் மூலையில்தான் சொட்டும். இடம் தெரியாமல் சுற்றிலும் பூசினால், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கித் தகட்டைத் துருவாக்கும். இதற்குக் கெட்டியாகாத ப்யூட்டைல் சீலன்ட்தான் சரி. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் தகட்டை அரிக்கும், அதன் படலத்தின் மேல் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது.

புது பீடிங் போட இரண்டு ஆள் வேண்டும். அதன் பெரிய லாபம், கண்ணாடியைக் கழற்றினால்தான் ஃபிரேம் விளிம்பின் துரு கண்ணில் படும் என்பது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து முழுக்கக் காயவிடுங்கள். துருவின் மேல் புது ரப்பர் உட்காராது.

பீடிங்கை முதலில் கண்ணாடியில் மாட்டி, தகடு நுழையும் பள்ளத்தில் 4 முதல் 5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் கீழ் நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். சோப்புத் தண்ணீர் தடவி, கயிற்று முனைகள் உள்ளே வரும்படி கண்ணாடியை ஃபிரேமில் வைத்து, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக இழுத்தால் உதடு தகட்டின் மேல் ஏறிக்கொள்ளும். கயிறு இறுகினால் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வெளியிலிருந்து தட்டிக் கொடுங்கள். வலிந்து இழுத்தால் உதடு கிழியும், மூலையில் கண்ணாடியே விரிசல் விடும். கிரீஸோ டீசலோ தடவினால் ரப்பர் உப்பிவிடும்.

மீட்டர் கணக்கில் வாங்கும் பீடிங்கை இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. சுருங்கி இணைப்பில் வாய் பிளக்கும். கொஞ்சம் கூடுதலாக வெட்டி உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். இணைப்பு மூலையில் வரவே கூடாது.

இன்றைய கார்களில் கண்ணாடியைத் தகட்டோடு ஒட்டிப் பிடிப்பது யூரித்தேன் பசை. ஓரத்து ரப்பர் வெறும் அலங்காரப் பட்டைதான். அங்கே ஒழுகினால் பட்டையை மாற்றிப் பயனில்லை. ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடிதான் முட்டுக்கொடுக்கும், அதனால் கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டும் வேலையைக் கண்ணாடிக் கடையிலேயே கொடுங்கள். பசை காய அவர்கள் சொல்லும் நேரம் முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.