பால்மரமா, ஜெலுத்தோங்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மரச்சிற்பம் பழக நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சும்மா கிடக்கும்போது எதற்குக் காசு கொடுத்து ஜெலுத்தோங் என்ற காட்டு மரத்தின் பலகை வாங்க வேண்டும்? நியாயம்தான். 25, 30 வருடம் பால் வெட்டி ஓய்ந்த மரங்களைச் சாய்க்கும்போது தெரிந்த மண்டோரிடம் (தோட்டக் கங்காணி) சொல்லி வைத்தால் ஒரு கட்டை வீட்டுக்கே வந்துவிடும். ஆனாலும் நான் காசு கொடுத்து ஜெலுத்தோங்தான் வாங்கினேன்.

நிறத்தில் பெரிய வித்தியாசமில்லை, இரண்டும் வெளிர்தான். கனம் வேறு. காய்ந்த ஜெலுத்தோங் கன மீட்டருக்கு 420 முதல் 500 கிலோ, பால்மரம் 560 முதல் 640. ஜெலுத்தோங்கில் கை அழுத்தத்திலேயே சீவல் சுருண்டு வரும். பால்மரத்துக்குக் கொட்டாப்புளி வேண்டும், உளியையும் அடிக்கடி தீட்ட வேண்டும். சரி, இதையாவது பழகிக்கொள்ளலாம்.

பழக முடியாதது பால்மரத்தின் அவசரம். மரம் முழுக்க மாவுச்சத்து. வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பூத்துவிடும், அப்புறம் வண்டு. மேசை நாற்காலி செய்யும் ஆலைகள் அதனால்தான் உடனே பலகையாக அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காய வைக்கின்றன. நாம் தடித்த கட்டையை டிரம்மில் முக்கி எடுத்தால் மருந்து மேலாகத்தான் பிடிக்கும், சிற்பம் என்றால் அந்த மேல்பகுதியைத்தானே முதலில் செதுக்கி எறிகிறோம்! கை தேர்ந்தவர் மளமளவென்று முடித்துவிட்டு மருந்து பூசிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளி பிடிக்கிற ஆள் பிள்ளையாரின் தும்பிக்கையைத் தாண்டுவதற்குள் காதில் ஊசித் துளைகள் விழுந்து, அடியில் கோதுமை மாவு போலத் தூள் கொட்டிக் கிடக்கும்.

ஜெலுத்தோங் காய்ந்த பலகையாகவே கிடைக்கிறது. நாலைந்தைப் பசை போட்டு ஒட்டினால் கட்டை தயார், பாதியில் நிறுத்தி மாதக்கணக்கில் வைக்கலாம். அதிலும் குறை உண்டு. பால் ஓடிய தடங்கள் கண் வடிவத்தில் கீறலாக நிற்கும், அது சரியாகக் கன்னத்தில் வந்து உட்கார்ந்தால் எரிச்சல்தான். ஒட்டுவதற்கு முன்னே பலகையைத் திருப்பிப் பார்த்து அந்தப் பக்கத்தை முதுகுக்கு ஒதுக்குங்கள். மிஞ்சியதை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். வண்டு இதையும் விடாது, முடித்ததும் மருந்து பூசுவது நல்லது. மழை படும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

ஒரு முழத்துக்கு மேல் நான் செய்து பார்த்ததில்லை, பெரிய சிலைக்கு இதே கணக்கு பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆலையில் மருந்தேற்றிக் காய வைத்த பால்மரத் துண்டுகள் கழிவாகக் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள், புடைப்புச் சிற்பத்துக்கு அந்தத் தடிமன் போதும்.