குவார்ட்டர்பேக் டிராஃப்ட் கையேடு: ஐந்து ஆண்டுச் சந்தாவுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் இறுதியில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடப்பதற்குச் சில வாரங்கள் முன்னதாக, அந்த ஆட்டக்காரர்களை ஒருவர் விடாமல் எடைபோட்டு மின்னூலாக விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் பல உள்ளன. அவற்றுள் ஒன்றின் கையேட்டை 2021 முதல் சந்தா கட்டி வாங்கி வருகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் பெரும்பாலும் இவ்வகைக் கையேடுகள் அனைத்துக்கும் பொதுவானவை என்பதால் பெயர் தெரிந்தாலும் வாசகருக்குப் பெரிய பயன் இராது. கையேடு எல்லா ஆட்டக்காரர்களையும் பற்றியது என்றாலும் நான் வாங்குவது, தாக்குதலை முன்நின்று நடத்திப் பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் பகுதிக்காக மட்டுமே. ஆகவே அதற்கு நான் வைக்கும் கேள்வியும் ஒன்றுதான்: வானளாவப் புகழப்பட்டு வந்து, தொழில்முறை ஆட்டத்தில் தேறாமல் போகும் குவார்ட்டர்பேக்கை இந்தக் கையேடு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா? அப்படிப்பட்டவர்களை அமெரிக்கர்கள் 'பஸ்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

முதலில் கையேட்டின் அமைப்பு. ஒவ்வொரு குவார்ட்டர்பேக்குக்கும் இரண்டு பக்கங்கள். மேல் மூலையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். புதிதாக வாங்குபவருக்கு அது விளங்காது, கையேடும் விளக்குவதில்லை. 2023 பதிப்பில் பிரைஸ் யங்கின் பக்கத்தில் 5101 என்று இருந்தது. முதல் இலக்கம் அடி, அடுத்த இரண்டும் அங்குலம், கடைசி இலக்கம் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. அதாவது ஐந்து அடி, பத்து அங்குலம், அதன்மேல் அரைக்கால் அங்குலம். உள்ளங்கையை விரித்துப் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்த அளவும் இதே போல எட்டில் பங்காகத் தரப்படுகிறது. இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்திறன் சோதனையில் எடுக்கப்பட்ட அளவுகள் இவை. அதற்குக் கீழே பந்து வீச்சின் வேகம், துல்லியம், கால் நகர்வு ஆகியவை பற்றிய குறிப்புகள், கல்லூரியில் ஆடிய ஆட்டங்களின் அட்டவணை, கடைசியாக மதிப்பெண். அச்சுத் தெளிவிலும் தரவின் ஒழுங்கிலும் குறை சொல்ல எதுவுமில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்விகளுக்கு விடையளிக்கும் வொண்டர்லிக் அறிவுத்திறன் தேர்வை என்.எஃப்.எல். 2022இல் கைவிட்டதும் அந்தக் கட்டத்தை உடனே நீக்கி, இடத்தை வீணாக்காமல் ஆட்ட அட்டவணையைப் பெரிதாக்கியது பாராட்டத்தக்கது.

சந்தாதாரருக்குக் கிடைக்கும் உண்மையான பொக்கிஷம் பழைய பதிப்புகளின் தொகுப்பு. 1998 வரை பின்னோக்கிப் போகலாம். பழைய பக்கங்கள் வருடப்பட்ட படங்களாக இருப்பதால் சொல்லைத் தேடிப் பிடிக்க முடியாது, கைப்பேசியில் விரித்து விரித்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் ஒரு கையேட்டின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. இன்றைய பதிப்பு சரியா தவறா என்று தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்; பழைய பதிப்புக்கோ விடைத்தாள் கையிலேயே இருக்கிறது.

எனவே நான் முதலில் திறந்தது 1998ஐ. அந்த ஆண்டு முதல் இரண்டு இடங்களுக்கும் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் நின்றார்கள்: டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரயான் லீஃப். லீஃப் தம் அணியை 67 ஆண்டுகளுக்குப் பிறகு, கல்லூரி அணிகளின் பெருமைமிக்க ஆட்டமான ரோஸ் பவுலுக்கு அழைத்துச் சென்றவர். தோள் வலிமை மேனிங்கைவிட அவருக்கே அதிகம் என்று பேசப்பட்டது. கையேட்டிலும் இருவருக்குமான இடைவெளி மயிரிழைதான். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. சான் டியேகோ சார்ஜர்ஸ், லீஃபைப் பெறுவதற்காக மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏற, முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமையான 'முதல் சுற்றுத் தேர்வு' இரண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று, போதாக்குறைக்கு இரண்டு ஆட்டக்காரர்கள் எனக் கொட்டிக் கொடுத்தது. ஒரே ஒரு படி ஏறுவதற்குக் கொடுத்த விலை அது.

லீஃப் தம் முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றார். மூன்றாவது ஆட்டம் கான்சாஸ் சிட்டியில். பதினைந்து முறை வீசினார். ஒன்று மட்டுமே தம் அணியினர் கையில் சேர்ந்தது, அதுவும் 4 கெஜத்துக்கு. இரண்டை எதிரணியினர் பிடித்தார்கள். அதற்கு மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு செய்தியாளரை நோக்கி அவர் கத்திய காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பருவத்தை 2 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி தந்த வீச்சு), 15 இன்டர்செப்ஷன் (எதிரணியினர் பிடித்துக்கொண்ட வீச்சு) என்று முடித்தார்; அடுத்த ஆண்டு முழுவதும் தோள் காயத்தால் ஆடவில்லை; மொத்தம் 21 ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி நான்கில் மட்டும் வென்று, 26 வயதில் ஆட்டத்தை விட்டே விலகினார்.

பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அதே 1998இல் மேனிங் எதிரணிக்குத் தாரைவார்த்த பந்துகள் 28. புதுமுகங்களில் அதுவே இன்றும் சாதனை எண். கோல்ட்ஸ் அந்த ஆண்டு 16இல் 13 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த ஆண்டு அதே மேனிங்கோடு 13இல் வென்றது. தோல்வி இருவருக்கும்தான் வந்தது. வந்த தோல்வியை என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. கையேட்டின் இரண்டு பக்கங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. 'குணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'தன்னம்பிக்கை மிக்கவர்' போன்ற, யாருக்கும் பொருந்தும் சொற்களே இருக்கின்றன. கல்லூரியில் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டங்களில் ஒருவர் எப்படி ஆடினார், பிழை செய்த பின் அடுத்த வீச்சு எப்படி இருந்தது என்று தனியாக எடுத்து எழுதியிருந்தால் ஏதாவது துலங்கியிருக்கக் கூடும். இன்றைய பதிப்பிலும் அது இல்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

2007 பதிப்பு இன்னும் மோசம். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜமார்க்கஸ் ரஸ்ஸல், மண்டியிட்ட நிலையிலிருந்தே 60 கெஜத்துக்கு மேல் வீசக்கூடியவர் என்பது அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. கையேடும் அந்த வீச்சிலேயே மயங்கிக் கிடக்கிறது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை முதல் தேர்வாக எடுத்தது. சம்பளப் பேச்சு முடியாமல் பயிற்சி முகாம் முழுவதையும் தவறவிட்டு, பருவம் தொடங்கிய பிறகு செப்டம்பரில்தான் அவர் ஒப்பமிட்டார். 25 ஆட்டங்களில் இறங்கி ஏழில் வென்றார். 18 டச் டவுன், 23 இன்டர்செப்ஷன். 2010 மே மாதத்தில் அணி அவரை விடுவித்தது. வேறெந்த அணிக்காகவும் அவர் என்.எஃப்.எல். ஆட்டத்தில் இறங்கவே இல்லை. இப்படிப்பட்ட தவறுகளின் விலை அணிகளை உலுக்கியதும் 2011இல் புதுமுகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வரக் காரணங்களுள் ஒன்று. 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 7.8 கோடி டாலர். மறு ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.2 கோடி.

இங்கே கையேட்டுக்கு நியாயமும் செய்ய வேண்டும். கல்லூரியில் எத்தனை ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார் என்ற கட்டத்தை அது என்றும் விட்டதில்லை, அந்தக் கட்டம் பொய் சொல்வதும் அரிது. 1999இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் மூன்றாம் இடத்தில் எடுத்த அக்கிலி ஸ்மித், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம்தான் முழுமையாக ஆடியிருந்தார், என்.எஃப்.எல்லில் 17 ஆட்டங்களில் இறங்கி அவர் வீசிய டச் டவுன்கள் ஐந்து மட்டுமே. நான் முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய 2021 பதிப்பில் டிரே லான்ஸின் பக்கத்திலும் அந்த எச்சரிக்கை இருந்தது: முழுமையான பருவம் ஒன்றே ஒன்று, 2019, அதில் 28 டச் டவுன், ஓர் இன்டர்செப்ஷன்கூட இல்லை, பெருந்தொற்று ஆண்டான 2020இல் ஆடியது ஒரே ஆட்டம். எச்சரிக்கையை எழுதிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் வாரி வழங்கியிருந்தார்கள் என்பது வேறு கதை. சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அவருக்காக முதல் சுற்றுத் தேர்வுகள் மூன்றைக் கொடுத்தது. அவர் அங்கே தொடக்கத்தில் இறங்கியது நான்கு ஆட்டங்கள். 2022 செப்டம்பரில் கணுக்கால் முறிந்தது. 2023இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காக டல்லஸுக்கு அனுப்பப்பட்டார். அவர் இடத்தில் நிலைத்தவர் 2022 டிராஃப்டின் கடைசித் தேர்வான, 262ஆம் எண் பிராக் பர்டி. அவருக்கு அந்த ஆண்டுக் கையேடு ஒதுக்கிய இடம் அரைப் பக்கம்கூடக் கிடையாது. இதற்காக நான் கையேட்டைக் குறை கூற மாட்டேன். 32 அணிகளும் பலமுறை அவரைக் கடந்து சென்றனவே.

நான் பெரிதும் குறை காண்பது வேறோர் இடத்தில். இந்தக் கையேடு பையனை அளக்கிறது. அவன் போய்ச் சேரும் வீட்டை எட்டிப் பார்ப்பதே இல்லை. பெண் கொடுப்பவர்கூட மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார். 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ், தன் முதல் தேர்வாக டேவிட் காரை எடுத்தது. அணியின் முதல் ஆட்டத்திலேயே டல்லஸை 19-10 என்று வென்றபோது ஊரே கொண்டாடியது. ஆனால் அவருக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய முன்வரிசை, அன்றுவரை ஒன்றாக ஆடியிராதவர்களைச் சேர்த்துக் கட்டிய வரிசை. அந்த ஒரே பருவத்தில் பந்தை வீசுமுன்பே அவர் 76 முறை தரையில் சாய்க்கப்பட்டார். அந்த எண்ணை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2005இல் மீண்டும் 68 முறை. கார் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1999இல், மறுபிறப்பெடுத்த கிளீவ்லாந்து பிரவுன்ஸில் டிம் கவுச்சும் இதையே அனுபவித்திருந்தார்: முதல் ஆண்டிலேயே 56 முறை. தம்மை நோக்கி ஓடிவரும் நூற்றுமுப்பது கிலோ மனிதர்களைப் பார்க்கப் பழகிவிட்ட கண், தூரத்தில் ஓடும் தன் ஆளைத் தேடுவதை நிறுத்திவிடுகிறது. இவர்கள் இருவரையும் ரஸ்ஸலோடு ஒரே பட்டியலில் போட்டு, 'தேறாதவர்கள்' என்று கையேட்டின் பின்னிணைப்பு எண்ணிக்கொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை.

அந்தப் பின்னிணைப்பைப் பற்றி இன்னொன்று. 2018இல் மூன்றாம் தேர்வாக நியூயார்க் ஜெட்ஸுக்குப் போன சாம் டார்னால்டை அது வெகு சீக்கிரமே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2019இல் நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோற்ற இரவில், களத்தில் பேய்கள் தெரிகின்றன என்று அவர் சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகி நாடே சிரித்தது உண்மைதான். அதே டார்னால்ட் 2024இல் மின்னசோட்டா வைக்கிங்ஸில் 35 டச் டவுன் வீசி 14 வெற்றிகளைத் தந்தார். 2018இன் முதல் தேர்வாக கிளீவ்லாந்துக்குப் போய், அங்கிருந்து கழற்றிவிடப்பட்ட பேக்கர் மேஃபீல்டும் தம்பா பேயில் தலைநிமிர்ந்தார். வீசும் கை மாறவில்லை. முன்வரிசையும் பயிற்சியாளரும் மாறினார்கள். பின்னிணைப்பில் டார்னால்டின் பெயர் பிறகு ஒரு பதிப்பில் சத்தமில்லாமல் மறைந்திருந்தது. ஏன் எடுத்தோம் என்று ஓர் அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம். இதைச் சுட்டி மின்னஞ்சல் எழுதினேன். எட்டு நாள் கழித்து, சந்தாவைப் புதுப்பிக்கும் இணைப்போடு நன்றி தெரிவித்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

அணியைச் சாராத குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. லீஃபுக்கு எந்த முன்வரிசை அமைந்திருந்தாலும் அந்த உடைமாற்றும் அறைக் காட்சி நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கையேடு கேட்கும் விலைக்கு, முதல் பத்துத் தேர்வுகளைக் கையில் வைத்திருக்கும் அணிகளின் முன்வரிசை எப்படி, பயிற்சியாளர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், புதுமுகத்தை ஓர் ஆண்டு உட்காரவைத்துப் பழக்கும் வழக்கம் அங்கே உண்டா என்று பத்துப் பக்கம் எழுதுவது பெரிய காரியமல்ல. அவை எல்லாம் பொதுவெளியில் கிடைக்கும் செய்திகளே.

ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவருக்கு இது வேண்டாம்; நான்கு இலக்க எண்களுக்கு நடுவே தொலைந்துபோவார். சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்ப்பவருக்கு, பழைய பதிப்புகளின் தொகுப்புக்காகவே ஒருமுறை சந்தா கட்டலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அவற்றில் இரண்டு தொகுப்புக்கு உரியவை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை மட்டும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். டிராஃப்ட் முடிந்த மறுவாரம் இதே கையேடு பாதி விலைக்கு வருகிறது. யார் எந்த அணிக்குப் போனார் என்பது அதற்குள் தெரிந்துவிடுமாதலால், கையேடு எழுதாமல் விட்ட பத்துப் பக்கத்தையும் நாமே மனத்தில் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நான் அப்படித்தான் வாங்கினேன்.